வராத வீடுகளிலிருந்து தொடங்குங்கள்: வன்னியில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து வெளியே போக ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் வெளியே போய் இருக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளம். கடல் வேண்டுமென்றால் முல்லைத்தீவு இருக்கிறது. மாரியில் வங்காலைக் கடனீர்ப் பக்கம் போனால் பூநாரை பார்க்கலாம். ஆனாலும் ஒரு ஞாயிறு பின்னேரம் குளக்கட்டில் நின்று யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வந்த பெடியங்களும், சொந்த வாகனம் உள்ள சில குடும்பங்களும்தான். காலிழந்த தகப்பன், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணன், மூன்று பிள்ளைகளோடு தனியாக வீட்டைக் கொண்டுநடத்தும் அம்மா, சத்தம் கேட்டால் காதைப் பொத்தும் மகனை வைத்திருக்கும் குடும்பம், இவர்கள் அங்கே இல்லை. அவர்களுக்கு விருப்பமில்லை என்று நாங்களாகவே முடிவெடுத்துவிடுகிறோம். விருப்பம் நிறையவே இருக்கிறது. வழிதான் இல்லை.

சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், முன்பள்ளிப் பெற்றோர், பங்கு இளைஞர், பள்ளிவாசல் நிர்வாகம் என்று ஊரில் எந்த அமைப்பும் செய்யக்கூடிய ஓர் அரைநாள் உலாவுக்கான வழிகாட்டி இது. முதல் தடவை இருபது குடும்பங்களுக்கு மேல் வேண்டாம்.

படி 1: கேட்பது

வழமையாக என்ன நடக்கும்? கூட்டம் போடுவோம், இடத்தையும் நாளையும் தீர்மானிப்போம், கடைசியில் "மாற்றுத்திறனாளிகளும் வரலாம்" என்று அறிவித்தலில் ஒரு வரி சேர்ப்போம். அந்த வரியைப் பார்த்து யாரும் வருவதில்லை. எல்லாம் முடிவான பிறகு கிடைக்கும் அழைப்பு அது. ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். ஊரில் எந்தப் பொது நிகழ்வுக்கும் வராத வீடுகளின் பட்டியலை முதலில் எடுங்கள். கிராம அலுவலரும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும் வழிகாட்டுவார்கள். ஆனால் குடும்ப நல உத்தியோகத்தரும் முன்பள்ளி ஆசிரியையும்தான் எந்த வீட்டுக் கதவு அதிகம் பூட்டியே கிடக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

அந்த வீடுகளுக்கு நேரில் போங்கள். பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்குப் பெண்கள் போவது நல்லது. "வருவீங்களோ?" என்று கேட்டால் "பாப்பம்" என்ற பதில்தான் வரும். "நாங்கள் குளத்தடிக்குப் போறம் அக்கா. நீங்களும் வாறதெண்டால் நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான காரணங்கள் வெளியே வரும். ஓட்டோவுக்குக் காசில்லை, மலசலகூடம் எங்கே என்று தெரியாது, மகன் ஓடிவிடுவான், தனியாகப் போனால் ஊர் கதைக்கும், கடலைப் பார்க்க மனம் வராது. ஒவ்வொன்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதிவையுங்கள். உங்கள் திட்டம் அந்தத் தாள்தான்.

கடைசியாகச் சொன்ன காரணத்தை லேசாக எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையிலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. 2009இல் போரின் கடைசி நாட்களில் அதே கரையின் இன்னொரு பக்கத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மணலில் உட்கார்ந்து கச்சான் சாப்பிடுவது சிலருக்கு ஆறுதல், சிலரால் தாங்க முடியாதது. யாரையும் வற்புறுத்தக்கூடாது, "இன்னுமா அதை நினைக்கிறீங்கள்?" என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. கடல் முடியாது என்று ஒரு குடும்பம் சொன்னாலும் முதல் உலாவைக் குளத்தடிக்கு மாற்றிவிடுங்கள். மருதமர நிழலில் நன்னீர்க் கரையில் இருப்பது பலருக்கு இலகு.

கேட்கப் போகும்போது ஊர் என்றால் எங்கள் தெரு மட்டும் என்று நினைத்துவிடவும் கூடாது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, போருக்குப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருக்கின்றன. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் இப்போது மூன்றாம் தலைமுறை வளர்கிறது. அவர்களை விருந்தாளிகளாக அழைப்பதோடு நிறுத்தாமல், ஏற்பாட்டுக் குழுவிலேயே ஆளுக்கொரு பொறுப்புக் கொடுங்கள். சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். இது கட்டாயம்.

படி 2: இடத்தை முன்கூட்டியே பார்ப்பது

உலாவுக்கு இரண்டு கிழமைக்கு முன், அந்தச் சக்கர நாற்காலிக்காரரோடும் ஒரு வயதான அம்மாவோடும் இடத்துக்குப் போங்கள். நல்ல கால் உள்ளவரின் கண்ணுக்கு ஒரு படி தெரியாது, ஒரு கிடங்கு தெரியாது. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நிழல் வரை, நிழலிலிருந்து மலசலகூடம் வரை உருட்டிப் பாருங்கள். பாதை 3 அடி அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் போகாமல் தூண் நட்டிருக்கும் இடங்களில் தூண்களுக்கிடையில் 3 அடி இல்லாவிட்டால் நாற்காலியும் போகாது. இறுகிய கிரவல் நல்லது. புதிதாகக் கொட்டிய கிரவலில் முன்சில்லு புதைந்துவிடும்.

சரிவுப் பாதைக்கு ஒரு கணக்கை மனதில் வையுங்கள்: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம். ஒன்றரை அடித் திண்ணைக்கு 18 அடிச் சாய்வு வேண்டும். இதைவிடச் செங்குத்தாகப் பலகை போட்டால் ஏறும்போது நாற்காலி பின்னால் சரியும், இறங்கும்போது ஆள் முன்னால் விழுவார். குளக்கட்டுக்கு ஏற, வாகனம் ஏறும் பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். வசதிக்காகக் குளக்கட்டை வெட்டவோ படி தோண்டவோ கூடாது. மாரியில் அந்த இடத்தால்தான் கட்டு அரிக்கும். பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்திடமும் கமக்காரர் அமைப்பிடமும் முதலே சொல்லிவிடுங்கள். துருசு (குளத்து மதகு) திறக்கும் நாளும் அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 3: நாளும் நேரமும்

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. ஆனால் பின்னேரம் என்றால் மைம்மலுக்கு முன் எல்லோரும் வாகனத்தில் ஏறிவிட வேண்டும். பொழுதுபட யானை தண்ணீருக்கு இறங்கும் குளங்கள் வன்னியில் பல. சக்கர நாற்காலியோடு ஒருவரால் ஓட முடியாது.

வெள்ளி நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை, நோன்பு மாதம், கந்தசஷ்டி, வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் நடுவில் மடு திருவிழா, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, இவை எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவிட்டுத் தெரியும் வெற்று நாளை எடுங்கள். மே நடுப்பகுதியும் நவம்பர் கடைசியும் வேண்டாம், அவை போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள். அருவி வெட்டு (நெல் அறுவடை) காலத்தில் கூலிக்குப் போகும் வீடுகளால் ஒரு நாளை இழக்க முடியாது. போயா (பௌர்ணமி) நாள் பல வகையில் பொருந்தும்: விடுமுறை, அத்தோடு மதுக்கடையும் பூட்டு. குடிகாரர் தொல்லைக்குப் பயந்து வராத பெண்களுக்கு இந்த ஒன்றே பெரிய நிம்மதி.

கடலுக்குப் போவதென்றால் முல்லைத்தீவுப் பக்கம் சித்திரை முதல் ஆவணி வரை அலை அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை வரை அந்தப் பக்கம் இறங்கக்கூடாது. மன்னாரின் மேற்குக் கரை நேர் எதிர். அங்கே தென்மேற்குக் காற்றுக் காலம்தான் கரடுமுரடு.

படி 4: போய்வருவது

காசைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். "ஆளுக்கு இவ்வளவு" என்று அறிவித்த உடனேயே பட்டியலில் பாதி வீடுகள் கழன்றுவிடும். "இயலாதவர்களுக்கு இலவசம்" என்று போட்டால் மீதியும் வராது, மானம் விடாது. பயணச் செலவை எல்லோருக்கும் பொதுவில் வைத்து, புலம்பெயர்ந்த உறவுகளிடமோ ஊர்க் கடைக்காரர்களிடமோ முன்பே சேர்த்துவிடுங்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பெயர்ப்பட்டியல் எங்கும் தொங்கக்கூடாது.

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலையில் (டிப்போவில்) பஸ் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் பஸ்ஸின் மூன்று படிகள் பலருக்குத் தடை. மடிக்கக்கூடிய சக்கர நாற்காலி என்றால் ஆளை ஓட்டோவில் இருத்தி, நாற்காலியை மடித்துப் பின்னால் வைக்கலாம். மடிக்க முடியாததென்றால் பின்கதவு உயரத் திறக்கும் வான் வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தை இந்த உலாவுக்கு வைக்காதீர்கள். முதுகுப் பிடிமானம் இல்லாதவர் ஒரு பள்ளத்திலேயே தூக்கி எறியப்படுவார்.

படி 5: மலசலகூடம்

பெண்கள் வராததற்குச் சொல்லப்படாத முதற்காரணம் இதுதான். முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் உலாவுக்கு வரும் பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். இந்த வெயிலுக்கு அது ஆபத்து.

அருகிலுள்ள பாடசாலை, கோயில், பொதுநோக்கு மண்டபம் எதிலாவது திறப்பு வாங்குங்கள். திறப்பு ஒரு பெண்ணின் கையில் இருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் தறப்பாள் கட்டித் தற்காலிகமாக அமைக்கலாம். அது உள்ளே 5 அடிக்கு 5 அடி இருந்தால்தான் நாற்காலி திரும்பும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது கனத்த சீலை போதும். நடுவில் துளையிட்ட பிளாஸ்ரிக் கதிரையை உறுதியான மரச்சட்டத்தில் பிணைத்தால் குந்தி இருக்க முடியாத அம்மாமாருக்கும் செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் கொமோட்டாகும். கைபிடிக்க ஒரு குறுக்குத் தடி, வாளி நிறையத் தண்ணீர், சவர்க்காரம், மூடியுள்ள ஒரு குப்பைத் தொட்டி. அந்த மூடி மாதவிடாய் வந்த பிள்ளைக்காக. பெரிய பிள்ளைகளுக்கும் பம்பஸ் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு நிலத்தில் விரித்த பாயைவிட இடுப்புயர வாங்கு நல்லது, தாயின் முதுகு தப்பும்.

படி 6: மணலில், வெயிலில், நாற்காலியில்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். போரால் உடல் பாதிக்கப்பட்டவர்கள் இவ்வளவு பேர் வாழும் மண்ணில், இதைத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் உலா வைப்பது பொறுப்பில்லாத வேலை.

மணலில் நாற்காலியை முன்பக்கமாகத் தள்ளினால் சின்னச் சில்லுகள் புதைந்து ஆள் முன்னால் சாய்வார். திருப்பி, பின்பக்கம் லேசாகச் சரித்து, பெரிய சில்லில் பின்னோக்கி இழுங்கள். தூரம் என்றால் ஒட்டுப்பலகைத் துண்டுகள் மூன்று போதும். கடந்துவந்த பலகையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். உலர்ந்த மேல்மணலைவிட அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல் இறுக்கமானது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கரை நீளத்துக்கு உருட்டலாம். தூக்க வேண்டி வந்தால் முதலில் நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள், எங்கே பிடிப்பது என்று அவரே சொல்வார். கைப்பிடியும் கால்தட்டும் பல நாற்காலிகளில் கழன்று வருபவை, அவற்றைப் பிடித்துத் தூக்கினால் ஆள் கீழே விழுவார்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட பலருக்குக் காயத்துக்குக் கீழ் சூடு தெரியாது. வெயிலில் நின்ற இரும்புக் கதிரை, கொதிக்கும் மணல், மடியில் வைத்த தேநீர்க் கோப்பை, எதுவும் வலியில்லாமலே கொப்புளம் போடும். காயம் மேலே கழுத்துப் பக்கம் என்றால் அதற்குக் கீழ் உடம்பு சரியாக வியர்க்காது, சூடு உள்ளேயே ஏறும். ஈரத்துவாய், தண்ணீர்த் தெளிப்பான், நிழல் மூன்றும் அவருக்கு மருந்துபோல் பக்கத்தில் இருக்க வேண்டும். மெத்தையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். கால் மணித்தியாலம், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உடலை உயர்த்தியோ சரித்தோ அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நாள் உலாவில் வந்த படுக்கைப் புண் மாதக்கணக்கில் ஆளைக் கட்டிலில் போட்டுவிடும். சிறுநீர்க் குழாய் மாற்ற மறைவிடமும் சுத்தமான தண்ணீரும் கட்டாயம்.

செயற்கைக் கால் போட்டவர்கள் நடக்கிறார்களே என்று விட்டுவிடக்கூடாது. வியர்வையும் மணலும் உள்ளே போனால் எஞ்சிய காலில் தோல் உரியும், உப்புத்தண்ணீர் செயற்கைக் காலின் மூட்டுப் பகுதியைப் பழுதாக்கும். கால் கழற்றி வைத்துவிட்டு மற்றவர் பார்வையில்லாமல் இருக்க ஒரு மூலை, மாற்றுக் காலுறை, உலர்ந்த துவாய் வைத்திருங்கள். தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால் ஊன்றுகோலோடு இறங்கலாம், ஆனால் ஊன்றுகோலின் நுனி மணலில் புதையும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கால் பொருந்தாமல் வீட்டோடு இருப்பவர் யாராவது பட்டியலில் இருந்தால், செயற்கைக் கால் செய்து பொருத்தும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்கு வழிகாட்டிவிடுங்கள். உலாவைவிட அது அவருக்கு முதன்மையானது.

பார்வையற்றவருக்குத் தோளோ முழங்கையோ கொடுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடங்கள்: "வலப்பக்கம் தண்ணி, பத்தடி தள்ளி." குளத்தடிக் காலை அவர்களுக்குக் காதால் வரும். மயில், செண்பகம், மீன்கொத்தி, துருசில் விழும் தண்ணீர். பறவைக் குரல் இனங்காணும் விளையாட்டு வைத்தால் அன்றைக்கு வெல்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

ஒட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் காந்தம், சத்தமில்லாமல் நழுவிப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைக்கென்று கை எட்டும் தூரத்தில் ஒரு வளர்ந்தவர், அந்த வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அது தாயாக இருக்கக்கூடாது. தாய் அன்றைக்காவது உட்காரட்டும். பிள்ளைக்குக் கடும் நிறச் சட்டை, மணிக்கட்டில் பேனையால் தொலைபேசி இலக்கம். ஒலிபெருக்கி வேண்டாம், வெடி வேண்டவே வேண்டாம். இது அந்தப் பிள்ளைக்காக மட்டுமில்லை. வெடிச் சத்தத்துக்கு இன்னும் நிலத்தில் படுக்கும் பெரியவர்கள் எங்களோடு இருக்கிறார்கள்.

படி 7: பாதுகாப்பு

குளத்தில் நீச்சல் இல்லை என்று முதலே சொல்லிவிடுங்கள். கட்டுக்கு மண் எடுத்த கிடங்குகள் கரையை ஒட்டியே ஆழமாக இருக்கும், தாமரைக் கொடி காலைச் சுற்றும், துருசடியில் தண்ணீர் உள்ளே இழுக்கும், பல குளங்களில் முதலையும் உண்டு. விளையாடும் எல்லைக்குக் கயிறு கட்டுங்கள். கடலில் முழங்கால் அளவு, அதுவும் கரையோரக் கடற்றொழிலாளர் ஒருவர் காட்டும் இடத்தில் மட்டும்.

மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகை உள்ள பக்கம் போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பழம் பிடுங்கப் போகவிடாதீர்கள். வெள்ளம் மிதிவெடியை நகர்த்திக்கொண்டு வரும். பாலைப்பழமும் வீரைப்பழமும் பிள்ளைகளுக்குத் தர ஆசையென்றால் ஊருக்குள் விற்பவரிடம் வாங்கிக் கொண்டுபோங்கள். தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், வந்த அடியாலேயே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், இலவசம். நிற்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று முன்பே எழுதிவையுங்கள்: எந்தச் சந்தி, எந்தப் பக்கம், குளக்கட்டில் எத்தனையாவது துருசு.

படி 8: சாப்பாடும் பொழுதும்

மரக்கறிச் சமையல் ஒன்றே எல்லோரையும் ஒரே பாயில் இருத்தும். வெள்ளிக்கிழமை விரதக்காரரும் சாப்பிடுவார், ஹலால் பற்றிய கேள்வியும் எழாது. இறைச்சி வேண்டுமென்றால் முஸ்லிம் குடும்பங்களிடமே சமையலைக் கொடுங்கள், சட்டியும் அவர்களுடையதாக இருக்கட்டும். தொழுகைக்குச் சுத்தமான பாய் ஒன்றும் அமைதியான நிழலும் ஒதுக்குங்கள். வீட்டுத் தலைவியாக இருக்கும் பெண்களைச் சமையலுக்குக் கூப்பிடும் பழக்கத்தை அன்றைக்கு நிறுத்துங்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் செய்வது அதுதான். ஆண்கள் கிளறட்டும்.

விளையாட்டில் ஓட்டப்போட்டி வைத்தால் பாதிப்பேர் பார்வையாளராகிவிடுவார்கள். இருந்துகொண்டே ஆடும் தாயம், பல்லாங்குழி, பட்டம் விடுதல், தூண்டில் போடுதல், கதை சொல்லல் போன்றவை எல்லா வயதுக்கும் எல்லா உடலுக்கும் பொருந்தும். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். கால் கழற்றியிருக்கும்போது எடுத்த படம் முகநூலில் வந்தால் அந்த மனிதர் அடுத்த தடவை வரமாட்டார்.

படி 9: பிரதேச சபைக்கு எழுதுவது

இரண்டு மூன்று உலா முடிந்ததும் பலகையும் தறப்பாளும் காவித் திரிவது களைப்பைத் தரும். அப்போது எழுதுங்கள். பொதுப் பூங்காவும் விளையாட்டிடமும் பிரதேச சபையின் வேலைக்குள் வருபவை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் உள்ளன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கடிதத்தில் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கேட்பது சலுகை இல்லை, சட்டம் சொல்வது என்று வாசிப்பவருக்கு விளங்க வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் உருட்டிப் பார்த்த பாதையின் வரைபடத்தையும், எங்கே எத்தனை அடிச் சரிவு வேண்டும் என்ற அளவுகளையும் இணையுங்கள். அளவு போட்ட கடிதம் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும், அளவில்லாத கடிதம் கோவைக்குள் போகும். கையெழுத்தில் சக்கர நாற்காலிக்காரரும் மாதர் சங்கத் தலைவியும் முன்னால் இருக்கட்டும். நிதி ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்று பதில் வந்தால், நடைபாதையையும் பெயர்ப்பலகையையும் ஊஞ்சலையும் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அகலக் கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடத்தையே கேளுங்கள். அதோடு அதை யார் கழுவுவது, திறப்பு யாரிடம் இருப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பூட்டிக் கிடக்கும் புது மலசலகூடங்கள் ஏற்கெனவே வன்னியில் போதுமான அளவு இருக்கின்றன.